பொறுங்கண்ணன் கடையில் ஒரு மடிக்கணினி

எங்கள் தெருவில் கணினி பழுதுபார்ப்பவர், எந்தக் கணினி வந்தாலும் உடனே மூடியைத் திறந்துவிட மாட்டார். காற்று வரும் ஓட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். "கருகல் வாடை இல்ல. பொறுங்க, பாப்போம்" என்பார். வாய்க்கு வாய் 'பொறுங்க'தான். அதனால் தெருவுக்கே அவர் பொறுங்கண்ணன். அவசரம் என்று வாய் தவறிச் சொன்னால் தொலைந்தோம், இன்னும் மெதுவாவார். அவர் கடையில் உட்கார்ந்து நான் விட்ட பெருமூச்சில் ஒரு பாய்மரக் கப்பலையே ஓட்டியிருக்கலாம்.

பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கணினியில் ஒட்டி வருகிறவர்களைக் கண்டால் மட்டும் மனிதருக்குப் பொறுமை போய்விடும். சீட்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுவிடுவார். சத்தியமாக, என் சீட்டையே மென்றிருக்கிறார். "வீட்டைப் பூட்டி, சாவிய வாசல்லயே மாட்டுவீங்களா சார்?"

சென்ற வாரம் ஓர் அம்மாள் தன் கணவருடைய மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார். கணவர் நின்ற நிலையில் மாரடைத்துப் போய்விட்டவர். கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பாடிப் பதிவு செய்வாராம். சரியாக வரட்டும், அப்புறம் கேள் என்று மனைவிக்கு ஒன்றைக்கூடப் போட்டுக் காட்டியதில்லை. "ஒரே ஒரு பாட்டு கேட்டாப் போதும்" என்றார் அம்மாள். கணினியோ கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

அது லினக்ஸ் போட்ட கணினி. கணினி கண் விழிக்க வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ள டிஸ்கில் குட்டியாக ஒரு தடுப்பு உண்டு. பூட் பார்ட்டிஷன் என்பார்கள். பழைய கோப்புகளைக் கழிக்காமல் புதிது புதிதாக வந்து அது பிதுங்கி, கடைசி அப்டேட் பாதியில் விழுந்திருக்கிறது. பக்கத்தில் சும்மா கிடக்கும் தடுப்பில் இடம் பிடுங்கி அதைப் பெரிதாக்க வேண்டும். கை பிசகினால் உள்ளதும் போச்சு.

பொறுங்கண்ணன் முதலில் டிஸ்க் மொத்தத்தையும் நகல் எடுத்தார். பிறகு இழுத்தடித்தார். அம்மாள் தினமும் வந்து முக்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் அம்மாள் போனதும், ஏனய்யா இந்தப் பாவம் உனக்கு என்று கடிந்துகொண்டேன்.

"சரி பண்றது பெரிசில்ல சார். சரியாயிட்டா பாஸ்வேர்டு கேக்கும். டிஸ்க் மொத்தத்துக்கும் அந்தப் பூட்டைப் போட்டுக் குடுத்ததே நான்தான், அது இல்லாம நகல்லகூட ஒண்ணும் எடுக்க முடியாது. எங்கயும் எழுதாதீங்க, வீட்லகூடச் சொல்லாதீங்கன்னு சொன்னேன். மனுஷன் அப்படியே கேட்டிருக்காரு."

 

நேற்று மதியம் வேறு வழியில்லாமல் முடித்தார். தடுப்பைப் பெரிதாக்கி, பாதியில் நின்ற அப்டேட்டைக் கழித்து, பொத்தானை அமுக்கினார். திரை வெளிச்சமானது. "வந்துருச்சா?" என்று அம்மாள் எழுந்தே விட்டார். நடுவில் பாஸ்வேர்டு கேட்டு ஒரு வெற்றுப் பெட்டி, வேறொன்றும் இல்லை.

"அம்மா, இதுக்கு மேல அவர்தான் தொறக்கணும்."

விஷயத்தைப் பொறுங்கண்ணன் மென்று விழுங்கிச் சொல்லி முடித்ததும், அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். மகன் பெயர். கல்யாண நாள். குடியிருந்த பழைய தெரு. பெட்டி ஒவ்வொரு முறையும் காலியாகித் திரும்பி வந்தது. கடைசியில் ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, தன் பெயரை அடித்தார். அதுவும் இல்லை.

"என் பேரும் இல்லையா?" என்று திரையைப் பார்த்தே கேட்டார்.

பொறுங்கண்ணன் என் தோளைத் தொட்டு வெளியே கூட்டி வந்தார். ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து வெயிலில் நின்றுகொண்டார். பையோடு ஒருவர் வந்தார். "கடை இல்லைங்க, நாளைக்கு வாங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பினார்.