காற்று திரும்பிய நாள்

கண்ணுங்களா, நேற்று அத்தை வந்திருந்தபோது, அவள் என்ன சொன்னாலும் அப்பா "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டுகிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் அதே அத்தையோடு முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு தீபாவளியையே கழித்தவன் நான். அந்தக் கதையை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் அனகாபுத்தூரில் இருந்தோம். இங்கே சிட்லபாக்கத்தில் விமானம் போனால் நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அங்கே அப்படி இருக்க முடியாது. ஓடுபாதைக்கு நேராக எங்கள் பள்ளிக்கூடம். அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. விமானம் தலைக்கு மேலே வந்தால் பெஞ்சே அதிரும். எந்த வாத்தியாரும் அதோடு போட்டி போட்டுக் கத்த மாட்டார். சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் நிறுத்திவிட்டு நிற்பார். சத்தம் போனதும் மீதிப் பாதியைச் சொல்வார். "முக்கோ" என்று நின்று, கொஞ்சம் பொறுத்து "ணத்தின்" என்று தொடர்ந்தால் எங்களுக்குச் சிரிப்பே வராது. பழகிப்போயிருந்தது.

பையன்களுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் வாய்க்கு வந்ததைக் கத்துவோம். பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. மேலே ஏறுகிற விமானத்துக்கு 'ஏறு வண்டி' என்று பெயர் வைத்திருந்தோம். அது நின்று நிதானமாக உறுமிக்கொண்டு போகும். 'இறங்கு வண்டி' அப்படியில்லை. தலைக்கு மேலே ஒரு முறை சீறிவிட்டுச் சட்டென்று அடங்கிவிடும். கத்துவதற்கு ஏறு வண்டிதான் தோது.

மழைக்காலம் வந்து காற்று வடக்கேயிருந்து அடிக்கத் தொடங்கினால் விமானங்கள் திசையை மாற்றிக்கொள்ளும். அதுவரை எங்கள் பக்கமாக ஏறியவை அன்றிலிருந்து எங்கள் பக்கமாக இறங்கும். அந்த மாறுகிற நாளில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை.

ஏழாம் வகுப்பு, கணக்குப் பாடம். எங்கள் கணக்கு சார் கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டே எழுதுவார். எங்கள் பக்கம் திரும்புவது அபூர்வம். அதனால் அவருக்குப் பல்லி என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது, எங்களுக்கு முன்னாலிருந்தே இருந்தது. அன்றைக்கு மேலே சத்தம் கிளம்பியது. சார் சாக்பீஸைப் பலகையில் ஊன்றியபடி நின்றார். கடைசி பெஞ்சிலிருந்து நான் மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினேன்.

"டேய் பல்லி, திரும்புடா!"

காற்று திரும்பியிருந்தது, வந்தது இறங்கு வண்டி. 'டேய்' மட்டும்தான் அதோடு போயிற்று. மிச்சம் முழுவதும் அமைதியான வகுப்பில், மணி அடித்தது போல விழுந்தது.

சார் திரும்பினார்.

எங்கள் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் ரிவிஷன் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. நடத்திக்கொண்டிருந்தவர் ஹெட்மாஸ்டர். எழுதிக்கொண்டிருந்தவர்களில் உங்கள் அத்தையும் ஒருத்தி. கணக்கு சார் வாய் திறப்பதற்குள் ஹெட்மாஸ்டர் எங்கள் வாசலில் பிரம்போடு நின்றார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் இருந்த தாஸின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"நான் இல்ல சார்!"

"நீ இல்லாம வேற யார்ரா? போன மாசம் டியூப்லைட்ட ஒடச்சப்பவும் இதேதான சொன்ன?"

"அது நான்தான் சார். இது நான் இல்ல சார். இன்னா சார், எது நடந்தாலும் என் தலையிலயே போடறீங்க."

அந்த டியூப்லைட்டுக்கே அவன் அப்பாவை வரவழைத்து, இன்னொரு புகார் வந்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்கள். அவன் அப்பா பம்மலில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் போகாவிட்டால் நாளைக்கே என்னோடு வந்து தோல் சுமடா என்று அவர் சொன்னதையும் தாஸ் எங்களிடம் சொல்லியிருந்தான். கத்தியது யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் என்னைக் கைகாட்டவில்லை. ஒரு முறை பார்த்தான், அவ்வளவுதான்.

"வாடா ஆபீஸுக்கு. உங்கப்பனுக்கு ஆள் அனுப்பறேன்."

நான் எழுந்தேன். நம்புங்கள், எழுந்தேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சார், நான்தான் சார்" என்று சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் அடுத்த விமானம் கூரைமேல் வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் வழக்கம்போல மேலே பார்த்துக்கொண்டு நின்றார். தாஸும் காலரை அவர் கையில் விட்டுவிட்டு நின்றான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தம் அடங்கியது. ஹெட்மாஸ்டர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "நடடா."

நான் உட்கார்ந்துவிட்டேன். சொல்லிவிட்டேன் அல்லவா? யாருக்கும் கேட்காதது என் குற்றமா? பன்னிரண்டு வயதுப் புத்தி இப்படித்தான் கணக்குப் போட்டது. தாஸ் வாசலைத் தாண்டும்வரை அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சை விட்டு அசையாமல் இருந்தேன்.

அப்போது வாசலில் உங்கள் அத்தை வந்து நின்றாள். கையில் பேனா, மூடிகூடப் போடவில்லை.

"சார், அவன விட்டுடுங்க. அது என் தம்பி குரல்."

"டெஸ்ட் எழுதாம யாரக் கேட்டு எழுந்து வந்த?"

"என் தம்பி குரல் சார். எனக்குத் தெரியும்."

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். "நீயாடா?"

"நான் சொன்னேன் சார்."

"என்னத்த சொன்ன?"

"நான்தான்னு சொன்னேன் சார். வண்டி வந்துடுச்சு சார்."

வகுப்பே சிரித்தது. ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. நீட்டிய கையில் விழுந்த அடியை நான் எண்ணவில்லை. விரல்களை மடக்க முடியாமல் போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் முட்டி போடச் சொன்னார். அதோடு விட்டாரா? கேட்காமல் எழுந்து வந்ததற்காக அத்தையின் பேப்பரை வாங்கிக் கிழித்துவிட்டு, அவளையும் என் பக்கத்தில் முட்டி போட வைத்தார். வகுப்பில் எப்போதும் முதலில் வருகிறவள் அவள். அவள் முட்டி போட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

காலையில் பெய்த மழையில் தரை செம்மண் சேறாக இருந்தது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"காட்டிக் குடுத்துட்ட இல்ல," என்றேன்.

"நேரா பாரு. அவரு ஜன்னல்லேர்ந்து பாக்கறாரு."

பிறகு அவளே கேட்டாள். "நெஜமாவே நான்தான்னு சொன்னியாடா?"

"சத்தியமா சொன்னேன்க்கா."

"அப்புறம் ஏன் உக்காந்த?"

நான் கொடிக்கம்பத்தையே பார்த்தேன்.

"சத்தம் நின்னுச்சு இல்ல? இன்னொரு தரம் சொல்றதுக்கு இன்னா?"

அவள் குரல் உடைந்துவிட்டது. டெஸ்ட் போன வருத்தத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். நல்லா அழட்டும் என்றும் நினைத்தேன்.

மறுநாள் உங்கள் தாத்தா லீவு போட்டுவிட்டு வந்து கணக்கு சாரிடம் மன்னிப்புக் கேட்டார். சார் தாத்தாவை உட்காரச் சொல்லிவிட்டு, "பல்லின்னு சொல்றது எனக்கு வந்த வருஷத்துலேர்ந்தே தெரியுங்க. அது பரவால்ல. திரும்புடான்னான் பாருங்க," என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் தாத்தா என் முதுகில் ஒன்று வைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வைத்த அடி அது என்று இப்போது தோன்றுகிறது. தாஸ் எங்களோடு பத்தாவது வரைக்கும் படித்தான்.

ஆனால் எனக்கு அதிகம் ஞாபகம் இருப்பது முட்டி போட்ட அன்றைய சாயங்காலம்தான். வீட்டுக்கு வந்ததும் அத்தை யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு, கிழிந்துபோன டெஸ்டை மறுபடி எழுத அனுமதி கேட்பதற்காக வகுப்பு டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள். உங்கள் பாட்டி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். அவளுடைய வெள்ளை சுடிதார் பேன்ட் பாத்ரூம் கதவில் தொங்கியது. இரண்டு முட்டியிலும் செம்மண் வட்டம்.

அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் அடிபம்புக்குப் போனேன். பம்பு அடிக்க வலது கையால் முடியவில்லை, இடது கையால் அடித்தேன். பார் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். வட்டம் வெளிறியது, போகவில்லை. மறுபடி சோப்பு போட்டேன். பிறகு சொட்டு நீலம் கொஞ்சம் கூடுதலாக விழுந்து, பேன்ட் முழுக்க ஆகாயக் கலராகிப்போனது. பிழிந்து, உதறி, அவள் வந்ததும் கண்ணில் படாதபடி கொடியின் கடைசி ஓரத்தில் போட்டேன்.

அவள் மேல் இருந்த கோபம் அப்போதும் அப்படியே இருந்தது. தீபாவளி வந்தாலும் பேசவே கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் துவைத்தேன். பின்னே எதற்குத் துவைத்தாய் என்று அந்த நேரத்தில் யாராவது வந்து கேட்டிருந்தால், கையில் சோப்போடு முழித்துக்கொண்டு நின்றிருப்பேன்.