பின்சீட்டில் ஏறிவந்த கம்ப்யூட்டர்

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்குகிறவரை அடுப்படியில் நிற்க மாட்டேன். அதற்குள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டு, தினம் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவளை அன்று காலையிலிருந்து ஒரு புதுக் கம்ப்யூட்டர் பாடாய்ப் படுத்தியது.

அப்போது எனக்குச் சேலத்தில் ஒரு கட்டட வரைபட ஆபீஸில் வேலை. கட்டப்போகும் வீட்டை, கட்டி முடித்ததுபோலவே வெயிலும் நிழலுமாகப் படமாக்கித் தருவேன். ஏற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் மலை இறங்கி, சாயங்காலம் ஏறி வருவேன். கர்ப்பமாகி மூன்றாம் மாதம் தொடங்கியதும் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், இந்த வளைவுகளில் தினம் இரண்டு தரம் குலுங்கக் கூடாது என்று. அதற்கு முந்தைய வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. வேலையை விடவும் வழியில்லை. என் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். மழைக்காலத்தில் சுற்றுலாக் கூட்டம் வராதபோது என் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடும்.

ஆபீஸில் கெஞ்சினேன். முதலாளி ஒரு வாய்ப்புத் தந்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு வீட்டுப் படம் உங்க ஊட்டுல இருந்தே முடிச்சு அனுப்புங்க. வந்துச்சுன்னா அங்கயே இருந்து வேலை பாருங்க. வரலீன்னா திங்கக்கிழமை ஆபீஸுக்கு வந்துருங்க."

வியாழக்கிழமை கணவரின் காரில் சேலம் போய்க் கம்ப்யூட்டரை வாங்கினோம். கடைக்காரர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, இது மதர்போர்டு, இது ராம், இந்த விசிறிக்கு அடியில் பிராசஸர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கொண்டுபோகும்போது எப்படி வைக்க வேண்டும் என்றும் ஏதோ சொன்னார். சரிங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். பின்சீட்டில் அதை நிமிர்த்தி உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, பக்கத்தில் உட்கார்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அடிவாரம் தாண்டியதும் அவர் வேகத்தைக் குறைத்தார். "மெதுவாப் போலாம் புள்ள."

"மேகம் இறங்கிருமுங்க. சீக்கிரம் போங்க" என்று விரட்டினேன். விரட்டியபடியே வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலை எல்லாம் தயார். கணக்குப் போட்டு வெளிச்சத்தையும் நிழலையும் நிரப்பும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தேன். இரண்டரை மணி நேரம் அது இடைவிடாமல் ஓடினால் படம் கைக்கு வரும். மூன்று நிமிடம் ஓடியது. பொசுக்கென்று அணைந்தது. மறுபடி போட்டேன். மறுபடி மூன்று நிமிடம்.

எங்கள் ஊரில் எது கெட்டாலும் பழி பனியின் மேல்தான். உப்பு நீர்த்துப்போகும், செருப்பில் பூசணம் பூக்கும், துணி நமுத்துப் போகாமலிருக்கப் பீரோவுக்குள் பல்பு எரியும். அன்றைக்கும் ஜன்னலுக்கு வெளியே தோட்டமே தெரியவில்லை. ஈரம்தான், வேறென்ன? பெட்டியைத் திறந்தேன். ராமைக் கழற்றி அதன் மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்த்துப் போட்டேன். தலைமுடி உலர்த்தும் டிரையரால் மதர்போர்டு முழுக்கச் சூடு காட்டினேன். போதாதென்று டேபிள் விளக்கை உள்ளே திருப்பி எரியவிட்டு, என் கம்பளிச் சால்வையைப் பெட்டிமேல் போர்த்தினேன். இப்போது ஒன்றரை நிமிடத்தில் அணைந்தது. மணி பன்னிரண்டரை. திங்கட்கிழமை பஸ் கண்முன் வந்து நின்றது.

ஒரு மணிக்கு அவர் சாப்பிட வந்தார். சால்வையையும் விளக்கையும் பார்த்தார். பெட்டிக்குள் கையை விட்டு விசிறி ஓரத்தைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்தார்.

"ஏம்புள்ள, இது கொதிக்குது. மலை ஏறுற வண்டி சூடாகி நிக்குமில்ல, அதுதான்."

"இந்தக் குளிர்லயா? இது உங்க கார் இல்லீங்க. எல்லாத்துலயும் ரேடியேட்டரப் பாக்காதீங்க."

அவர் விளக்கை அணைத்தார், சால்வையை எடுத்தார், செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். பிராசஸர் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதன் சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு அலுமினியத் துண்டும் விசிறியும் அதன்மேல் அழுந்தி உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பிடிகள். அதில் ஒன்று உடைந்து விசிறி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் தவித்த ஒன்றுக்குத்தான் காலையிலிருந்து நான் போர்த்திவிட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உங்க டிரைவிங்குதானுங்க. வளைவுல அந்த வாங்கு வாங்கினா எது நிக்கும்?"

அவர் கட்டைவிரலை விசிறியின் மூலையில் வைத்து அழுத்தினார். "இப்பப் போடு."

போட்டேன். மூன்று நிமிடம் தாண்டியது. பத்து நிமிடம் தாண்டியது. விரலை எடுக்கவில்லை அவர். இரண்டு மணிக்குக் கரடியூருக்கு ஒரு சவாரி இருந்தது. இன்னொரு டிரைவருக்குப் போன் போட்டு அதைக் கொடுத்துவிட்டார். நான் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். விரல் மரத்தால் அடுத்த விரல், அதுவும் மரத்தால் அடுத்த கை. நான் மாற்றிக்கொள்கிறேன் என்றால், "நீ குனியாத" என்றார். எனக்குத்தான் இருக்க முடியவில்லை. திரையில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பேன், வாசலுக்குப் போவேன், திரும்பி வந்து பார்ப்பேன். ஒரு சதவீதம் கூடியிருக்கும்.

நாலேகாலுக்குப் படம் முடிந்தது. நாலரைக்கு அனுப்பினேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் முதலாளியிடமிருந்து பதில் வந்தது: வீட்டிலேயே இருங்கள்.

அவர் விரலை நீவிவிட்டபடி சொன்னார், "நேத்து வளைவுல நான் மெதுவா வந்திருக்கோணும் புள்ள. நீ சொன்னது நெசந்தான். உன்னையும் வெச்சுக்கிட்டு அப்படி வந்தது நொம்பத் தப்பு."

மகளுக்கு இப்போது இரண்டு வயது. அன்றிலிருந்து நாங்கள் காரில் இருந்தால் அவர் வளைவுகளில் ஊர்ந்துதான் போகிறார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் நான் பொறுமையிழந்து திரும்பிப் பார்ப்பேன். அவர் மட்டும், "அடிக்கட்டும் உடு, ஒருதரம் பட்டாப் போதாதா?" என்பார்.

கம்ப்யூட்டரைப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், நிமிர்த்தி வைத்தால் குலுக்கலில் பிடி உடைந்துவிடும் என்றுதான் கடைக்காரர் அன்று சொன்னார். என் காதில் நன்றாகவே விழுந்தது. புதுப் பெட்டியில் கீறல் விழுமே என்று நிமிர்த்தி வைத்தவள் நான்தான். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.