தமிழில் ஒரு விஞ்ஞானப் பாடம்

காலை பத்து மணி இருபது நிமிஷம். கரும்பலகையில் 'பிராணவாயு' என்று பெரிதாக எழுதியிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். மேஜைமேல் தண்ணீர்த் தட்டு, அதில் எரியும் மெழுகுவர்த்தி, பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளி. நான் அங்கே சரித்திரம் நடத்தினேன். பத்திரிகை வேலைக்குப் போனது பிறகுதான். விஞ்ஞான ஆசிரியை தற்காலிக நியமனத்தில் இருந்தார். அன்றைய பாடத்தை, பள்ளியைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்ட்ரஸ் மெச்சினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கோடை விடுமுறையோடு சரி. பாடங்களைத் தமிழில் நடத்தவேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. புஸ்தகம் வரவில்லை. ஜூன் முதல் அவரே தமிழில் குறிப்பு எழுதி நாலாம் பாரத்து, அதாவது ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

இன்ஸ்பெக்ட்ரஸ், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த கன்னடப் பக்கத்துப் பெல்லாரியிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும், தமக்குத் தமிழ் தெரியாது, பாடத்தை இங்கிலீஷில் நடத்தலாம் என்றார். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர்களிடம் மறுத்துப் பேசுவது எங்கள் பள்ளியில் வழக்கமில்லை. ஆசிரியை இங்கிலீஷுக்கு மாறினார். ஜாடியைக் கவிழ்த்தார். சுடர் அணைந்தது. ஏன் அணைந்தது என்று இன்ஸ்பெக்ட்ரஸ் இங்கிலீஷில் கேட்டார்.

பெண்கள் கரும்பலகையில் இருந்த 'பிராணவாயு'வைப் பார்த்தார்கள். கடைசியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், நேக்குத் தெரியும் டீச்சர். தமிழ்ல சொல்லட்டுமா?"

ஆசிரியை இன்ஸ்பெக்ட்ரஸைப் பார்த்தார். அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"உக்காரு" என்றார் ஆசிரியை.

அந்தப் பீரியடில் எனக்கு வகுப்பில்லாததால் நான் பின்பெஞ்சில் இருந்தேன். எழுந்து மொழிபெயர்த்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை; நானும் எழவில்லை.

மத்தியானம் ஆசிரியைகள் அறையைப் பெருக்க வந்த ஆயா விஞ்ஞான ஆசிரியையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், அந்தக் கண்ணாடிய உன் தலைல கவுத்துட்டாப்ல குந்திகினுகீறே?"

"இன்னும் மூச்சு இருக்கு ஆயா. நீ பெருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அவாகிட்ட உத்தரவை எடுத்துக் காட்டியிருக்கணுமோ?"

"காட்டியிருந்தா அதையும் எழுதியிருப்பா" என்றேன். அது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. மாணவிகளுக்குப் பாடம் புரியவில்லை என்று அதில் இருந்தது.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது நாலாம் பாரத்துக்கு விஞ்ஞானம் நடத்த வேறொருவர் வந்தார்.