என் தோட்டத்துக்குள் வந்த புது விரிவுரையாளர்

எங்கள் சமூகவியல், மானுடவியல் துறைக்குப் புதிதாக ஒரு விரிவுரையாளர் வருகிறார் என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். துறையில் தமிழ் பேச இன்னொரு ஆள் இருக்கட்டுமே என்று நினைத்தேன். வந்தவர் கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று தெரிந்ததும் அந்தச் சந்தோஷம் பாதியாகக் குறைந்தது. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி வருஷக்கணக்காக நான் தனியாக எடுத்துவந்த வகுப்பை இனி இருவரும் சேர்ந்து எடுங்கள் என்று துறைத் தலைவர் சொன்னபோது மிச்சமும் போய்விட்டது. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

நான் செரம்பானில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். சின்ன வயதில் தோட்டம் என்றால் எனக்குக் கார் ஜன்னலுக்கு வெளியே ஓடும் மரங்கள், அவ்வளவுதான். ஆராய்ச்சிக்காக ரந்தாவ் அருகே ஒரு தோட்டத்துக்குப் போகத் தொடங்கியவள், ஆராய்ச்சி முடிந்த பிறகும் போவதை நிறுத்தவில்லை. அங்கே ஓர் அக்கா இருக்கிறார். ரப்பர் இருந்த காலத்தில் பால்மரம் சீவியவர். இப்போது சுற்றிலும் செம்பனை. பிள்ளைகள் டவுனுக்குப் போய்விட்டார்கள். யார் வீட்டுப் பெண்ணை யார் கட்டினார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த லயத்து வரிசை வீடுகளின் உறவுகளை எல்லாம் வரைந்து வைத்திருக்கிறேன். துறையில் பேசும்போது ‘என் தோட்டம்’ என்றுதான் சொல்வேன்.

மாணவர்களைக் கூட்டிப்போகும் முன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் புதியவர். சரி, அங்கே எனக்கு இருக்கும் செல்வாக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று அழைத்துப்போனேன்.

"வாங்க டீச்சர், வாங்க" என்று அக்கா இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். காப்பியும் முறுக்கும் வந்தன. பிறகு அவரைப் பார்த்து, "தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"கெமாஸ் பக்கங்க. தோட்டந்தான்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலை, அம்மாவைப் பெற்றவர்கள் எங்கே இருந்தார்கள்? நான் மாதக்கணக்கில் கேட்டு வாங்கும் விவரங்களைக் காப்பி ஆறுவதற்குள் வாங்கிவிட்டார். அம்மாவின் அப்பா தம்பின் ஊர்ப் பக்கம் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர் என்று சொல்லி இவர் அந்தத் தாத்தாவின் பெயரைச் சொன்னதும், அக்கா தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அட, அவரு எங்கப்பாவுக்குப் பெரியப்பா மகன்லா! அப்ப ஒங்கம்மா எனக்குத் தங்கச்சி. நீ எனக்கு மகன்டா!"

அதோடு சரி. அக்கா எழுந்து அடுப்படிக்குப் போக, யாரும் கூப்பிடாமலே இவரும் பின்னால் போய்விட்டார். சட்டியைத் திறக்கும் சத்தமும் இருவரும் சிரிக்கும் சத்தமும் கேட்டன. நான் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உறவுமுறையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். அந்த லயத்தில் எனக்கு ஒரு உறவுமுறை கிடையாது. இத்தனை வருஷமாக அது எனக்கு உறைத்ததே இல்லை. அன்றைக்குப் பட்ட பொறாமையில் தட்டிலிருந்த முறுக்கையெல்லாம் நானே நொறுக்கித் தீர்த்தேன்.

பிறகு தேர்வு, விடைத்தாள் என்று நாட்கள் ஓடிவிட்டன. இவர் மட்டும் நடுவில் தனியாக ஒரு தடவை போய்வந்தாராம். என்னிடம் சொல்லக்கூட இல்லை. தீபாவளியெல்லாம் கழிந்து ஒரு சனிக்கிழமை சேர்ந்து போனோம். காரை விட்டு இறங்குவதற்குள் அக்கா கையில் விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏன்டா, போன மாசம் வந்துட்டுப் போனவன்தான், ஒரு போன் உண்டா? பெரியம்மா இருக்காளா செத்தாளான்னு கேக்க மாட்டியா?"

"பிஸிலா பெரியம்மா" என்று தலையைச் சொறிந்தார் இவர்.

"ஒன் பிஸிய கொண்டுபோயி குப்பையில போடு! பெரிய்ய பிஸி!"

துறையில் எல்லாரும் மரியாதையாகப் பேசும் மனிதர், வாசலில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வேறு. அடுத்து எனக்கும் இரண்டு விழும் என்று காத்திருந்தேன். தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காதவள் நான். இவரைவிட எனக்குத்தான் அதிகம் விழ வேண்டும். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. பொறுக்க முடியாமல் நானே எடுத்துக்கொடுத்தேன்.

"அக்கா, நானும்தான் ரொம்ப நாளா வரல. தீபாவளிக்கும் வரல."

அக்கா விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்தார். கலைந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அதனால என்னங்க டீச்சர். ஒங்களுக்கு எவ்வளவோ வேல இருக்கும்."