கொலைகாரன் பேரைச் சொல்லக் கூடாது

"பிலோக்கா, மூணாம் பாகம் என் கைக்கு வர்றதுக்கு முந்தியே கொலகாரன் யாருன்னு பஸ்ல சொல்லிட்டாங்க. இனி நான் என்னத்துக்கு வரிசைல நிக்கணும்?" என்று தெரேசா கடை மேசையில் புத்தகத்தைப் போட்டாள்.

"நிக்காதே, போய் வேலையைப் பாரு" என்றேன்.

"அப்ப மூணாம் பாகத்தக் குடுங்க, போறேன்."

துப்பறியும் நாவல்களை இரவல் கொடுக்கிற தொழிலில், கொலையைவிடப் பெரிய குற்றம் கொலைகாரனைக் காட்டிக்கொடுப்பது. யட்டியாந்தோட்டை பஜாரில் என் வீட்டுக்காரரின் பலசரக்குக் கடையில், சவர்க்காரத் தட்டுக்கு அடுத்த தட்டு என்னுடையது. கொழும்பிலிருந்து புது நாவல் ஒரு பிரதிதான் வரும். அதற்குக் காத்திருப்பதோ சுற்றுவட்டாரத் தோட்டத்துச் சனம் முழுக்க. அதனால் வந்த அன்றைக்கே அதை நாலாகப் பிரித்து, பழைய கலண்டர் தாளில் அட்டை போட்டுத் தைத்துவிடுவேன். ஒரு புத்தகம், நாலு வீடு. ஒரு கேக்கை நாலு பிள்ளைகளுக்குப் பங்கு வைத்து ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

சட்டம் பிறந்தது

பஸ்ஸில் சொன்னது யாரென்று கண்டுபிடிக்க எனக்கு இன்ஸ்பெக்டர் தேவைப்படவில்லை. கண்டக்டர் சிவாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். கான்வென்டில் படிக்கையில் சிஸ்டர் முன்னால் நாங்கள் நின்ற மாதிரியே தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அந்த ஒரு தடவை அவனை மன்னித்து, அன்றைக்கே தட்டுக்கு மேலே எழுதி ஒட்டினேன்: முடிவைச் சொல்பவருக்கு இனிமேல் புத்தகம் கிடையாது.

ஏன்டா சொன்னாய் என்றதற்கு அவன் சொன்னது: "கைய கால அசைக்க எடமில்லாத கூட்டம்க்கா. வாய் மட்டுந்தான் சும்மா இருந்திச்சு."

கிளாக்கர் ஐயா படித்த முறை

அடுத்த நாவல் வந்தது. வரிசையில் கடைசியாகப் பேர் கொடுத்தவள் ராசாத்தி, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். "பித்தப்பைல கல்லுக்கா. கேகாலை ஆஸ்பத்திரில ஒப்பரேஷனுக்கு நாள் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள இத முடிச்சிரணும்" என்றாள். நாள் தாராளமாக இருந்தது. முடித்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன். கிளாக்கர் ஐயாவை நான் கணக்கில் எடுக்கவில்லை.

தோட்டத்து ஃபேக்டரியில் கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். அவருக்கு வரிசையில் நிற்கப் பொறுமை கிடையாது. தட்டில் எந்தப் பாகம் இருக்கிறதோ அதை எடுத்துப் போய்விடுவார். இந்த நாவலில் நாலாம் பாகத்தை முதலில் எடுத்தார், அப்புறம் மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. ஒன்றிலிருந்து ஒழுங்காகப் படித்து வந்த எல்லோரையும் ஒவ்வொரு பாகத்துக்கும் காக்க வைத்தார், ராசாத்தி உட்பட. எப்படி இருந்தது ஐயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"அருமையான முடிவு பிலோமினா. எல்லாரும் உயிரோட ஒரே மேசைல உக்காந்து சாப்பிடுறாங்க."

பொலிஸில் நாலாம் பாகம்

ராசாத்தி இரண்டாம் பாகத்துக்கு வந்துவிட்டாள். நாலாம் பாகமோ ஒரு சிங்களப் பொலிஸ்காரரிடம் மாட்டிக்கொண்டது. புதிதாக மாற்றலாகி வந்தவர். தமிழ் பழகுவதற்காக என்னிடம் நாவல் எடுக்கிறார். பழகட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு நாளா? பொறுத்துப் பார்த்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்கே போனேன். நான் உள்ளே போனதைப் பார்த்த பஜார், என் வீட்டுக்காரரிடம் போய் இழவு வீட்டில் துக்கம் கேட்கிற மாதிரி விசாரித்திருக்கிறது.

பொலிஸ்காரர் புத்தகத்தைத் தரும்போது முகத்தைச் சுளித்தார். "நோனா, இந்த இன்ஸ்பெக்டர் சரியில்ல. மூணு கொலை. பொலிஸ் புத்தகத்துல ஒரு என்ட்ரி எழுதல்ல."

ராசாத்தியின் ஆட்டோ

மீட்டு வந்த நாலாம் பாகம் வரிசைப்படி சிவாவுக்குப் போனது. அவனுக்கு அடுத்தது ராசாத்தி. மூன்றாம் பாகம் அவள் கையில், ஒப்பரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் நிம்மதியாக இருந்த காலையில், கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ராசாத்தி, மடியில் ஆஸ்பத்திரி உடுப்புப் பை.

"கட்டில் காலியாயிருச்சாம். இன்னைக்கே வரச் சொல்லிட்டாங்க. மூணாம் பாகம் முடிச்சிட்டேன். நாலு எங்கக்கா?"

நாலு, சிவாவின் பையில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. பஸ் அவிசாவளையைத் தாண்டியிருக்கும்.

"பயப்படாத புள்ள, டாக்டருங்கள நம்பு" என்று என் வீட்டுக்காரர் ஆறுதல் சொல்ல வந்தார். "இந்தக் கதைலயும் டாக்டர் கொல்லல." நாவலைக் கையாலும் தொட்டதில்லை என்று இத்தனை நாளாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். நான் முறைத்ததில் பருப்பு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்.

ராசாத்தி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒருவேளை நான் திரும்பி வராட்டி, யாருன்னு தெரியாமலே போயிருவேனேக்கா."

"வந்து படிச்சிக்க. ஒனக்கு எடுத்து வைக்கிறோம்" என்றாள் சாமான் வாங்க வந்திருந்த தெரேசா, ராசாத்தியின் சேலைத் தலைப்பை ஆட்டோவுக்குள் எடுத்துவிட்டபடி. எந்த ரகசியத்தையும் மனசில் வைத்திருக்கத் தெரியாத தெரேசா. கடையில் நின்ற கிளாக்கர் ஐயாவும் அவளைப் பார்க்காமல் அரிசி விலைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பேர் நுனி நாக்கில் இருந்தது.

ராசாத்தி ஆட்டோவிலிருந்து தலையை வெளியே நீட்டினாள். "எனக்கு மட்டும் காதுல சொல்லுங்க பிலோக்கா. யாரு கொன்னது?"

நான் போட்ட சட்டத்தை, என்னையும் சேர்த்து எல்லோரும் ஒழுங்காக மதித்தது அன்றைக்கு மட்டும்தான்.