மான் தின்ற சுற்றறிக்கை

எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்று இரண்டு மூன்று விஷயம் எழுதி அனுப்பு என்றுதான் அக்கா கேட்டிருந்தாள். பெரியம்மாவின் மகள். கனடாவில் இருக்கிறாள். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு, ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஓகஸ்ட் மாதம் ஐந்து நாள் திருகோணமலையில் நிற்க வருகிறாள். இரண்டு மூன்று விஷயம். நான் பதினொரு பக்கம் எழுதினேன்.

நான் இங்கே, ஊருக்குள் ஓர்ஸ் ஹில் பக்கம் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வருகிற சுற்றறிக்கையை வாசித்து, அதற்கு விளக்கம் கேட்டு எழுதி, வந்த விளக்கத்துக்கும் இன்னொரு விளக்கம் கேட்பது என் வேலையின் பெரும்பகுதி. அதனால் என் அறிவுரைகளும் இலக்கமிட்ட பந்திகளாகவே வந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. குச்சவெளி பஸ்ஸில் ஏறினால் வலப்பக்கம் இருக்கவும், கடல் அந்தப் பக்கம்தான் என்று நான்காவதில் எழுதினேன். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் காலை வெயிலும் அந்தப் பக்கம்தான், ஆகவே இடப்பக்கத்தையும் யோசிக்கலாம் என்று கீழே சேர்த்தேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிய பந்தியில், ஏழு கிணற்றில் மூன்றாவதுதான் மிகவும் சூடு என்று எழுதி, பிறகு 'அல்லது நான்காவது' என்று திருத்தினேன்.

என் கணவர் குசினிக் கதவில் சாய்ந்து நின்று பதினொரு பக்கத்தையும் வாசித்தார். பிறகு கேட்டார்: "நீர் ஊர் பாக்க வாங்கோ எண்டு எழுதினீரோ, வராதேங்கோ எண்டு எழுதினீரோ?"

நியாயமான கேள்விதான். நாற்பத்தொன்றில் இருபத்தொன்பது 'வேண்டாம்' என்று முடிந்தன. எண்ணிப் பார்த்தவள் நான்தான். எண்ணிய பிறகும் ஒன்றையும் வெட்டவில்லை. வெட்டிய ஒன்றால்தான் ஏதாவது நடந்துவிடும் என்று தோன்றியது.

இதற்கிடையில் என் மகளுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அவளுக்கு ஆறு வயது. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தால் ஏழு நிமிஷம். ஆனால் அவள் பிறந்ததிலிருந்து கணுக்காலுக்கு மேல் கடல்நீர் பட்டதில்லை. பின்னேரங்களில் டச்பே கடற்கரைக்குப் போவோம், மணலில் இருப்போம், கச்சான் கடலை தின்போம், இருட்ட முன்னம் எழும்பி வருவோம். ஊர்க்காரர் பாதிப்பேர் அப்படித்தான் என்று சொல்லிக்கொள்வேன். கனடாவிலிருந்து ஒன்பது வயது அக்கா ஒருத்தி வருகிறாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, அவள் தகப்பனின் காதுக்குள் எதையோ சொன்னாள். என்ன கதை என்று கேட்டேன். அக்காவோடு சேர்ந்து கடலில் குளிக்க வேணுமாம், அதை அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று கேட்கிறாள் என்றார். என்னிடம் கேட்க ஆறு வயதுப் பிள்ளைக்குத் தரகர் தேவைப்பட்டிருக்கிறது. வெட்கத்தில் உடனே சொல்லிவிட்டேன், அக்கா வந்ததும் குளிக்கலாம் என்று. அப்போது மே மாதம். ஓகஸ்ட் வெகுதூரத்தில் இருந்தது.

இனி, எனக்கு ஏன் கடல் பயம் என்று சொல்ல வேண்டும். கடல் ஊருக்குள் வந்த அந்த வருஷம் நான் ஆறாம் வகுப்பு. அன்று காலை நாங்கள் ஒரு மாடிவீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றோம். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மேலே ஒன்றும் கேட்க மாட்டார்கள். நல்ல வசதியான காரணம். சிக்கல் என்னவென்றால், அதே மாடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவும்தான் நின்றாள். அவள் இப்போது வாரத்தில் மூன்று நாள் நீந்துகிறாள்.

அக்கா வந்த அன்று பின்னேரம், கிண்ணியாத் தயிர்ச் சட்டியை நடுவில் வைத்துச் சுற்றி இருந்தோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வெக்கையோடு அடித்துக்கொண்டிருந்தது. விமானத்தில் என் பதினொரு பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தாளாம். நித்திரை வராமல் போனதற்கு அதுதான் காரணம் என்றாள். பிறகு கைபேசியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு விசாரணை அதிகாரியைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"புறாமலைக்குப் படகில போறது பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நீ போனனியோ?"

இல்லை என்றேன்.

"திமிங்கிலம் பாக்க?"

அதுவும் இல்லை.

"நிலாவெளியில குளிச்சனியோ?"

நான் தயிரில் இனிப்புப் பாணியைக் கூடுதலாக ஊற்றினேன். என் கணவர் கதிரையிலிருந்து எழும்பி உள்ளே போனார். சிரிக்கத்தான் போனார் என்று எனக்குத் தெரியும்.

"அடி, போகாத இடத்துக்கு இவ்வளவு எழுதுறதுக்குக் கெட்டித்தனம் வேணும்" என்றாள் அக்கா.

ஆனால் அந்தச் சுற்றறிக்கைக்கு வேறொரு வாசகி இருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. அச்சடித்த பிரதி ஒன்றைக் குளிரூட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன். என் மகள் இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய காலம். பாடப்புத்தகத்தில் வரும் பூனையையும் பந்தையும் விட அவளுக்கு அம்மா எழுதியது பிடித்துப்போனது. தண்ணீர் குடிக்க வருகிற ஒவ்வொரு தரமும் ஒரு பந்தி வாசித்தாள். அவளுக்கு வாசிப்பு ஓடத் தொடங்கிவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன். வகுப்பு ஆசிரியையிடம்கூடச் சொன்னேன்.

முதல் விளைவைக் கன்னியாவில் கண்டேன். கூட்டம் சேர முன்னம் காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். இது உண்மையிலேயே நல்ல அறிவுரை, வருகிற யாருக்கும் சொல்வேன். கனடாப் பிள்ளை வாளியை எடுத்து, முதல் கிணற்றில் அள்ளித் தலையில் ஊற்றி, அடுத்த கிணற்றுக்கு ஓடி, அதையும் ஊற்றி, எது கூடச் சூடு என்று கத்திக் கத்திச் சொன்னாள். என் மகள் ஒவ்வொரு கிணற்றுக் கட்டிலும் குனிந்து, வாளித் தண்ணீரில் சின்னிவிரலை விட்டு எடுத்து, பத்து வரை எண்ணி, பிறகு தன் கால் பெருவிரலில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டாள். பதினைந்தாவது பந்தி. 'முதலில் விரலால் தொட்டுப் பார்க்கவும்.' ஏழு கிணற்றிலும் பார்த்து முடிந்தபோது அவளுடைய சட்டையில் ஈரமே இல்லை. வேறு தாய்மார் அதைப் பார்த்து, என்ன ஒழுங்கான பிள்ளை என்றார்கள். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் கோணேசர் கோயில். கோட்டை வாசலால் போகும் பாதையில் மான்கள் நிற்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அர்ச்சனைத் தட்டில் இருக்கும் வாழைப்பழத்தை, வெற்றிலையை, சில நேரம் தட்டோடு சேர்த்து இழுக்கும். இதை நான் பதின்மூன்றாவதில் விரிவாக எழுதியிருந்தேன்: உணவுப்பொருளையோ கடதாசியையோ கையில் வெளியே தெரிய வைத்திருக்க வேண்டாம். அப்படி எழுதிய நானே அன்று காலை, குளிரூட்டிக் கதவிலிருந்த பிரதியைக் கழற்றி மகளின் கையில் கொடுத்திருந்தேன், வழியில் தேவைப்படும் என்று.

செருப்பை எங்கே கழற்றுவது என்பது எத்தனையாவது பந்தி என்று பார்க்க அவள் பாதை நடுவில் நின்றாள். பின்னால் வந்த மான் ஒன்று பதினொரு பக்கத்தையும் ஒரே கடியில் பிடித்தது. அவள் கத்தவில்லை. இழுக்கவும் இல்லை. கையை விரித்து விட்டுவிட்டாள். பதினான்காவது பந்தி அப்படித்தான் சொல்கிறது: மான் பிடித்தால் விட்டுவிடவும், கொம்பு உண்டு.

விட மாட்டேன் என்று ஓடியவள் நான். கடதாசிக்காக இல்லை. அதில் ஸ்டேப்ளர் பின் இருந்தது, மானின் தொண்டையில் குத்தினால் என்ன செய்வது. சேலையைத் தூக்கிக்கொண்டு ஒரு மானுக்குப் பின்னால், "துப்பு, துப்பு" என்று சொல்லிக்கொண்டு ஓடினேன். கடைசியில் பின் குத்தியிருந்த மூலை மட்டும் எச்சிலோடு கீழே விழுந்தது. அர்ச்சனைத் தட்டு விற்கும் பெண் என்னைப் பார்த்துச் சாவகாசமாகச் சொன்னா: "தங்கச்சி, அதுகள் சோறு சுத்துற லஞ்ச் ஷீற்றையே திண்டு சீரணிக்கிறதுகள். உங்கட கடதாசி எந்த மூலைக்கு."

அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இனியாவது நிம்மதியாக ஊர் பார்க்கலாம் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சொல்லப்போனால் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. மலையிலிருந்து இறங்கும்போது என் மகள் என் கையைத் தட்டினாள்.

"அம்மா, கவலைப்படாதேங்கோ. எனக்கு எல்லாம் மனப்பாடம்."

நான்காம் நாள் நிலாவெளி. ஓகஸ்டில் காலையில் அந்தக் கடல் தட்டில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரிக் கிடக்கும். வெகுதூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் ஏறாது. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்து நான் எழுதியும் இருந்தேன். எழுதிவிட்டு அடுத்த வரியில், முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம் என்று பதினெட்டாவதைப் போட்டிருந்தேன்.

அக்காவும் பிள்ளையும் போன உடனேயே இறங்கிவிட்டார்கள். என் மகள் புதுக் குளியல் சட்டையோடு காய்ந்த மணலில் நின்றாள். மூன்று மாதமாக அந்தச் சட்டையை அலுமாரியில் போய்ப் போய்ப் பார்த்தவள். கனடா அக்காக்காரி வா வா என்று கூப்பிட்டாள். இவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் சிரித்துக்கொண்டு, போ பிள்ளை, அம்மா சொன்னனான்தானே, இண்டைக்குப் போகலாம் என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. அவள் முழங்கால் மட்டும் போய் வருகிறேன் என்று போய், சரியாக முழங்காலில் நின்று, திரும்பி வந்துவிட்டாள். அக்கா கரைக்கு வந்து அவளுக்கு முன்னால் குந்தியிருந்து, என்ன பயம், பெரியம்மா பிடிக்கிறேன்தானே என்றாள்.

"எனக்குப் பயமில்லை, பெரியம்மா" என்றாள். "நான் இறங்கினா அம்மாக்கு நெஞ்சு இடிக்கும். பிறகு அம்மா இரவில நித்திரை கொள்ள மாட்டா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான்கு நாளில் முதல் தடவையாக அவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஆறு வருஷமாக நான் இவளைப் பாதுகாத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் என்னைப் பாதுகாத்துக்கொண்டு கரையில் நின்றிருக்கிறாள். இன்னும் கொஞ்ச வருஷம் போனால் இவளும் பந்தி பந்தியாக எழுதத் தொடங்குவாள்.

எனக்குப் பேசி விளங்கப்படுத்தத் தெரியும், அதைத்தான் அலுவலகத்தில் செய்கிறேன். அன்றைக்கு அதைச் செய்யவில்லை. போட்டிருந்த சல்வாரோடேயே நடந்து இறங்கினேன். கணுக்கால். முழங்கால். "அம்மா, பதினெட்டு" என்று பின்னால் குரல் வந்தது. நிற்கவில்லை. தொடை, இடுப்பு. நெஞ்சு இடித்தது உண்மைதான், நன்றாகவே இடித்தது. சின்ன அலை ஒன்று வந்து வயிற்றில் தட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டு தலை நனையக் குந்தினேன். எழும்பியபோது மூக்கிலும் வாயிலும் உப்பு. ஆனால் நின்றேன். இருமிக்கொண்டே அவளுக்குக் கையைக் காட்டினேன்.

"பிள்ளை, இடிக்குது. இடிச்சாலும் நிண்டுகொண்டுதான் இருக்கிறன். வா."

அவள் கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்தாள். வெந்நீர்க் கிணற்றில் விரல் விட்டு எண்ணினாளே, அதே மாதிரி, அவசரமில்லாமல். பத்து வரை எண்ணியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு நடந்து வந்தாள். முழங்காலில் ஒரு கணம் நின்றாள். அதைத் தாண்டினாள். என்னிடம் வந்து சேர்ந்தபோது தண்ணீர் அவள் நெஞ்சு வரை. இரண்டு கையாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் தலையைத் தூக்கி, பெரிய யோசனையோடு சொன்னாள்:

"அம்மா, இருபத்திரண்டு."

இருபத்திரண்டு என்னவென்று எனக்கு ஞாபகம் வரவில்லை. எழுதியவள் நான்தான். அவள் என் சல்வார்ப் பையைத் தொட்டுக் காட்டினாள். கடலுக்குப் போகும்போது கைபேசியைக் கரையில் பத்திரமாக வைத்துவிட்டு இறங்கவும்.

கைபேசியை எடுத்தேன். அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது. என் மகள் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள், நான் என்ன செய்யப் போகிறேன் என்று. நான் சிரித்துவிட்டேன். அதன் பிறகுதான் அவள் கையை விட்டாள். விட்டு, அக்காக்காரியை நோக்கித் தண்ணீரை அடித்துக்கொண்டு போனாள். நான் அவள் பின்னாலேயே போனேன், மூன்றடி தூரத்தில். இரண்டடியாகவும் இருக்கலாம்.

அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைபேசியை அரிசிக்குள் புதைத்து வைத்துவிட்டு, அவளுடைய காதில் தண்ணீர் போயிருக்குமோ என்று மூன்று தரம் எழும்பிப் பார்த்தேன். மூன்று தரமும் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது யாராவது திருகோணமலைக்கு வருகிறோம், என்ன பார்க்கலாம் என்று கேட்டால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓகஸ்டில் வாருங்கள், நிலாவெளிக்குக் காலையில் போங்கள், பிள்ளைக்கு முன்னால் நீங்கள் இறங்குங்கள். போன கிழமை அலுவலகத்தில் ஒருவர் தன் தங்கை குடும்பத்துக்காகக் கேட்டார். அன்று இரவு வீட்டில் இந்த மூன்றையும்தான் எழுதத் தொடங்கினேன். நான்காவது பக்கத்தில் என் மகள் வந்து பேனையை வாங்கி வைத்துவிட்டாள்.