சத்து மாத்திரைதானே

இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க அக்கா தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தாள். எங்கள் ஊரான தளியின் குளிரில் அவளுடைய கைகால் தோல் வெடிப்பதைப் பார்த்துவிட்டு, ஓசூரில் வேலை முடிந்து வரும்போது வைட்டமின் ஈ வாங்கி வந்தேன். வீடியோ பார்த்தே பாதி டாக்டராகியிருந்தேன் நான். கடையில் இருந்ததிலேயே அதிக வீரியமுள்ளதைக் கேட்டு வாங்கி, காலையும் இரவும் போடச் சொன்னேன்.

“பச்சைக் கல்லாட்டம் மின்னுதேடா! முழுங்கறதா, மோதிரத்துல பதிக்கறதா?”

“முழுங்குக்கா. சத்து மாத்திரைதானே.”

சில வாரங்களில் அவள் கையில் நீலத் திட்டுகள் தெரிந்தன. பல் துலக்கினால் ரத்தம் வந்தது. டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

“எப்பவும் போடறது தவிர வேற மருந்து ஏதாவது எடுக்கறாங்களா?”

“இல்லைங்க சார்” என்றேன், சட்டென்று. நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சத்து மாத்திரையை யாரும் மருந்தென்று சொல்வதில்லை.

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பும்போதே அக்கா சுருண்டு விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில் என் பையிலிருந்த பச்சை மாத்திரை அட்டையைப் பார்த்த டாக்டர், “ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரையோட இவ்வளவு வைட்டமின் ஈ சேர்ந்தா ரத்தக் கசிவு அபாயம் கூடும்ப்பா. நேத்தே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே” என்றார்.

இப்போதும் அக்காவுக்கு நான்தான் மாத்திரை கொடுக்கிறேன். வாயைத் திறக்குமுன் அவள் என் உள்ளங்கையையே பார்க்கிறாள். என்ன மாத்திரை என்று கேட்க அவளுக்குப் பேச்சு வருவதில்லை.